கடைசி ஒரு சாண்

பத்துக் கேள்விகள் அச்சிட்ட தாளோடு வந்தாள்
தாதி மிரொஸ்வாவா.
காரணமின்றி அழுகிறீர்களா?
இல்லை.
தூக்கம் கெடுகிறதா?
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யத் தோன்றுகிறதா?
இல்லை.
போரடிக்கிறது, என்றேன்.
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கிவிட்டு
திமோனை எடை போட்டாள்.
நான்கு கிலோ எழுநூறு.

நான் நாற்பது டன் தூக்கியவள்.

கிதீனியா துறைமுகம், நான்காம் எண் கிரேன்.
ஏழு வருடம்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
இரண்டு முழங்காலுக்கு நடுவே
கப்பலின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குனிந்தே பழகிய கழுத்து.
இப்போதும் குனிந்துதான் பார்க்கிறேன்,
காம்பை விட்டுவிட்டு எங்கோ யோசிக்கும்
ஒரு சின்ன வாயை.

ஒன்பதாம் மாடி ஜன்னலில்
என் கிரேன்
சீப்பின் ஒரு பல் அளவுக்குத் தெரிகிறது.
யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியவில்லை.
அவசரப்படுகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது.

ரேடியேட்டருக்குப் பதினோரு மடிப்பு.
எதிர்க் கட்டடத்தில் நூற்று இருபத்தாறு ஜன்னல்,
ஒன்றில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்
மார்ச் மாதத்திலும்.
டயபர் களிம்பின் குழாயை ஆறு மொழியில் வாசித்தாயிற்று.
துத்தநாகத்துக்கு எஸ்டோனியச் சொல்
எனக்குத் தெரியும்.
யாருக்காவது வேண்டுமா?

கடைக்குப் போய்
ஒரே ஒரு எலுமிச்சை வாங்குவேன்.
இரண்டு வாங்கினால்
நாளைக்குப் போகக் காரணம் இருக்காது.

மாலையில் ராடெக் வந்து
இன்று என்ன நடந்தது என்கிறான்.
பத்து மணிக்குத் தும்மினான்.
அப்புறம்?
அவ்வளவுதான், ராடெக்.
மூன்று தும்மல்.

மாமியார் போனில் சொல்கிறாள்,
இந்த நாட்கள் திரும்பி வரவே வராது.
நிச்சயமாகவா என்று கேட்க வாயெடுத்து
ஆமாம் அம்மா என்றேன்.

அன்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.
அது இருக்கிறது. நிறையவே.
அதை வைத்துக்கொண்டு
பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை
என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நேற்று இரவு மூன்றரை.
கையில் தூங்குவான், தொட்டிலில் விழிப்பான்.
ஆறு முறை.
ஏழாம் முறை குனிந்தபோது
காதுக்குள் கரகரத்தது ப்ரோனெக்கின் குரல்,
தளத்தில் நின்று எனக்கு வழி சொல்கிறவன்.
நான்கு, கேட்கிறதா?
கேட்கிறது.
இடப்பக்கம் கொஞ்சம். இன்னும். நிறுத்து.
ஆட்டம் அடங்கட்டும்.

ஆடும் சுமையை இறக்கக் கூடாது.
இழுத்துப் பிடிக்கவும் கூடாது.
அது போகிற பக்கம் கூடவே போய்
தளரும் கணத்தில் அதன்மேல் நிற்க வேண்டும்.
புதிதாய் வருகிறவர்கள் உயரத்துக்குப் பயப்படுவார்கள்.
உயரத்தில் ஒன்றும் இல்லை.
எல்லாம்
கடைசி ஒரு சாணில்.

இறக்கு.
இறக்கு.
மெல்ல, நான்கு, மெல்ல.

முதுகு தொட்டது.
கையை எடுக்கவில்லை.
கயிறு தளர்ந்த பிறகும் பூட்டைத் திறக்காமல்
நாலு மூச்சு.
பிறகு ஒரு விரல்,
அப்புறம் உள்ளங்கை,
மணிக்கட்டு.

விழிக்கவில்லை!

சொல்ல ஆள் தேடினேன்.
ராடெக் வாயைத் திறந்தபடி தூங்குகிறான்.
சமையலறையில் ஆறிப்போன தேநீர்,
நேற்றைய எலுமிச்சையின் பாதி.
ஜன்னலில் ஒரு சிவப்பு விளக்கு,
அது என்னுடையது.
ஏழு வருடத்தில் ஒருநாள்கூட
நல்லது என்று சொன்னவனில்லை ப்ரோனெக்.
ஒவ்வொரு பெட்டிக்கும் அவனிடம்
ஒரே ஒரு சொல்தான்.

பதினோரு நிமிடம்.
பிறகு அழுகை.

அடுத்தது, என்றான் ப்ரோனெக்,
ரூமியாவில், தன் வீட்டில், போர்வைக்குள்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தவன்.
நான் இருட்டில்
ஒற்றைச் செருப்பைத் தேடினேன்.