முளை

பர்காவுக்குத் தெற்கே,
நெடுஞ்சாலையை விட்டிறங்கிப் பதினொரு கிலோமீட்டர்.
வெள்ளரிப் பாத்தியின் நடுவில்
முக்காலியை ஊன்றுகிறேன்.

அலுவலகத் திரையில் இந்த இடம்
போன செவ்வாயே மஞ்சளாகிவிட்டது.
மஞ்சள் என்றால் குடியிருப்பு.
தரைக்கு இன்னும் தகவல் வரவில்லை போல,
அது பாட்டுக்குப் பச்சையாக இருக்கிறது.

ஷொஃபிகுல் கண்ணாடிக் கோலோடு நடக்கிறான்.
இடது. இன்னும் ஒரு சாண். இன்னும் ஒரு விரல். நில்.
நின்ற இடத்தில் கொத்தமல்லி.
சுத்தியல் இரண்டு முறை இறங்க
யாரோ சமையலைத் தொடங்கியதுபோல்
வாசனை கிளம்புகிறது.

முளை என்றுதான் எங்கள் தொழிலில் பேர்.
இருபதுக்கு முப்பது மீட்டர், நான்கு மூலை,
சிவப்பு வண்ணத் தலை.
இந்தப் போகத்தில் இங்கே
ஒன்றுகூடச் சாகாமல் வந்தது
இந்த முளைகள்தான்.

முப்பத்தெட்டாம் மனையின் வடகிழக்கு மூலை
கிணற்றுக்குள் விழுந்தது.
மூன்று முறை பார்த்தேன், கருவி பிசகவில்லை.
வெறுங்காற்றில் ஒரு புள்ளி,
கீழே தண்ணீர், அதற்கும் கீழே
பாதி மூழ்கிய ஒரு ரப்பர் செருப்பு.
குறிப்பேட்டில் எழுதினேன்:
'மூடிய பின் அடிக்கவும்.'

பம்பு கொட்டகையிலிருந்து நூருல் வந்தார்.
குத்தகைக்காரர். உடன் இரண்டு பேர், ஒரு பாய்,
சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு போன்.
பிப்ரவரி வரை பறிக்கலாமா என்று
வங்காளத்தில் கேட்டதை
ஷொஃபிகுல் இந்தியில் எனக்குச் சொன்னான்.
எனக்குத் தெரிந்த தேதியெல்லாம்
அளவை முடிக்க வேண்டிய தேதிதான்.

படிவத்தில் மரத்துக்கு ஒரு கட்டம் உண்டு:
பேரீச்சை நாற்பத்தொன்று, எலுமிச்சை ஆறு.
கட்டடத்துக்கு ஒன்று உண்டு.
தகரமும் ஓலையும் கட்டடமில்லை,
அதற்கு விளக்கவுரை இருக்கிறது.
மிச்சமெல்லாம் 'காலி'.
நூருல் டீ கொடுத்தார்.
குடித்துக்கொண்டே நிரப்பினேன்.

மதியம் பிக்கப்பில் வந்த கல்ஃபான்
நிலத்துக்குச் சொந்தக்காரர். கெட்டவரில்லை.
"பத்து வருஷமாகக் கடல் உள்ளே வருகிறது தம்பி,
அடியாலே, சத்தமில்லாமல்.
பேரீச்சையே முகம் சுளிக்கிறது.
உப்புத் தண்ணீரில் இனி வீடுதான் வளரும்."
உப்புத் தண்ணீருக்கு
சிமெண்டும் தாங்காது என்று நான் சொல்லவில்லை.
அதற்கு லாரியில் தண்ணீர் வரும்.
வந்துவிடும்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
வீடுகள் வராத தெருவிலே
விளக்குகள் மட்டும் வந்து நிற்கின்றன.
வெளிச்சத்துக்கு ஒன்றாக
ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன.
முதலில் ஒரு சலவைக் கடை,
பிறகு முடிதிருத்தகம், பிறகு மருந்துக் கடை,
அப்புறம்தான் மனிதர்கள்.
எந்தக் கட்டத்திலும் இந்த வரிசை மாறியதில்லை.

நான் இருப்பது முதல் கட்டத்தில்.
ஒரு வில்லாவை ஒன்பதாகத் தடுத்து
அதில் ஏழாவது எங்களுடையது: ஐந்து பேர்,
மாடிப்படிக்கு அடியில் அடுப்பு.
வந்த புதிதில் சலவை இயந்திரத்தை நகர்த்தும்போது
கால் கட்டைவிரல் எதிலோ இடித்து நகம் பெயர்ந்தது.
குனிந்து பார்த்தால் முளை.
நூற்றுப் பன்னிரண்டு,
என் கையெழுத்து, என் சிவப்பு.
ஆறு வருஷத்துக்கு முன் அடித்தது.
அன்று இந்த இடத்துக்கு
என்ன எழுதினேன் என்று தெரியும்.
யார் டீ கொடுத்தார்கள் என்பதுதான்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

நூருல் கொடுத்தனுப்பிய கொத்தமல்லியைப்
பையிலிருந்து எடுத்தேன்.
வேரோடு பிடுங்கிய கட்டு,
ஒரு தண்டில் மட்டும் சிவப்புச் சாயம்.
கழுவுவதற்கு முன்
ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன்.

கல்ஃபான் சொன்னது பொய்யில்லை.
கரித்தது.