பையின் வாய்

குளச்சல் – வடசேரித் தடத்தில்
எனக்குத் தெரியாத கக்கூஸ் கிடையாது.
திங்கள்சந்தையில் இடமிருந்து இரண்டாவது,
தாழ்ப்பாள் இல்லை, காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொள்ளணும்.
நெய்யூரில் ஆஸ்பத்திரிப் பின்வாசல்.
பரசேரியில் டயர்கடை சோபிதராஜ்
என் முகத்தைப் பார்த்ததும் சாவியை நீட்டுவார்.
அதற்குள் டிரைவர் மாஹீன் வண்டியை ஓரங்கட்டி
பின்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதாய் நடிப்பான்.
மூன்று நிமிடம் சனங்கள் பொறுப்பார்கள்.
நாலாவது நிமிடம் யாராவது கேட்பார்:
"எளவு, கண்டக்டரு எங்கல போனான்?"

ஆசாரிப்பள்ளத்தில் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
சிறுகுடல் முடியும் வளைவில்
கடுகளவு சதை கிள்ளினார்கள்.
டாக்டர் பெனிட்டா மருந்துச்சீட்டைத் திருப்பிப்போட்டு
செங்கல் செங்கலாக வரைந்தார்.
"இது உம்ம குடலுக்க ஓரச் செல்லுகள்.
இந்தப் பக்கம் கோடிக் கோடியா பாக்டீரியா.
அந்தப் பக்கம் நீரு."

நடுவில் எத்தனை வரிசை?

"ஒத்த வரிசை."

என் வண்டித் தகரம் அதைவிடத் தடிமன்.

ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால்
செல் முதலில் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுமாம்.
சீட்டா என்றேன்.
சின்னப் புரதம்தான், ஆளை அடையாளம் காட்ட.
சீட்டைத் தேடி ஒரு சவ்வு வரும்,
அரிவாள்போல் வளைந்து, வளைந்து,
இரண்டு நுனியும் தொட்டால் பை.
அமிலம் நிறைந்த வேறொரு பை அதில் வந்து கலக்கும்.
பிறகு உள்ளே எதுவும் மிஞ்சாது.
தேய்ந்துபோன தன் உறுப்புகளையும்
செல் அப்படியே பொதிந்து தின்னும்.
தன்னுண்ணல் என்று பேர்.

பேர் எனக்குப் பிடிக்கவில்லை.
சீட்டு பிடித்திருந்தது.

"செலருக்கு அந்தப் பை கட்டுத புரதத்தில
ஒரே ஒரு எழுத்து மாறிக் கெடக்கும்.
நெருக்கடியில நூலு மாதிரி அறுந்துபோவும்.
பை வரும். வாய் மூடாது.
உமக்கு அப்படித்தானான்னு நான் சோதிச்சுப் பாக்கல.
எழுத்து மாறின எத்தனையோ பேரு
மரச்சீனியும் சாளையும் தின்னுட்டு
சொகமா அலையுதாவ."

என் மடியில் தோல்பை கிடந்தது.
ஜிப் போய் எட்டு மாசம்.
இரண்டு ஊக்கு குத்தியிருக்கிறேன்,
ஆனாலும் கூட்டத்தில் சில்லறை சிந்தாத நாளில்லை.

தவக்காலத்தில் மைத்துனி ஒரு வீடியோ அனுப்பினாள்.
பட்டினி கிடந்தால்
செல் தன் குப்பையைத் தானே தின்றுவிடும்.
அது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் கஷ்டம்.
மூன்று நாள் தண்ணீரும் உப்பும்.
சிலுவைப்பாதைக்குக்கூட நின்றுவிட்டேன்.
நாலாம் நாள் பார்வதிபுரம் தாண்டும்போது
ஐந்து ரூபாய்ச் சீட்டைக் கிழித்த கை
கிழித்தபடியே கீழே போனது.
கண் விழித்தபோது ஒரு பள்ளிக்கூடப் பெண்
ஊக்கு கழன்ற பையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
காசு எதுவும் போகல அண்ணே என்றாள்.

டாக்டர் கத்தவில்லை. எடை பார்த்தார்.
நாற்பத்தொன்பது.
"ஆளில்லாத டிப்போவில
ரெட்ட டூட்டி போட்டா வண்டி ஓடுமா?"

இப்போது எட்டு வாரத்துக்கு ஒருமுறை
குப்பியிலிருந்து கைநரம்பில் சொட்டுகிறது.
அது எந்தப் பையையும் தைக்காது,
உள்ளே மூண்ட சண்டையைக் கொஞ்சம் தணிக்கும்,
அவ்வளவே என்றார்.
அவ்வளவே போதும் என்று சொல்ல
எனக்கு இரண்டு மாசம் பிடித்தது.

கடைசி நடை. நல்ல மழை.
படுதா போட்ட வண்டியில் ஏழு பேர்,
ஏழு பேருக்கும் சீட்டு கொடுத்தாயிற்று.
எண்ணி முடித்து கம்பியில் சாய்ந்து நிற்கிறேன்.
என் அடிவயிற்றில் எங்கோ,
ஒற்றை வரிசையில், விளக்கு இல்லாமல்
ஏறக்கூடாத ஒன்றின்மேல் சீட்டு ஒட்டப்படுகிறது.
அரிவாள் வளையத் தொடங்குகிறது.
நுனிகள் தொட்டனவா என்று
எனக்குச் சொல்ல யாருமில்லை.

"அண்ணா, நிறுத்தவா?"
கண்ணாடியில் மாஹீன்.

கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன்.
"போட்டும். பரசேரி வரைக்கும் தாங்கும்."