நாற்பத்தைந்து மணி நேரம்

மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே
ஒன்பதாவது கிலோமீட்டரில் ஜீப் நின்றது.
மைதீன்பிச்சை இன்ஜினை அணைக்கவில்லை,
பேட்டரி படுத்து மூன்று வாரம்.
இறங்கிப் போய்
நீலக் குழாயின் மூடியைத் திருகினேன்.
உள்ளேயிருந்து ஒரு குளவி,
அதன் பின்னே கொஞ்சம் இரும்பு வாசம்.

சிவப்புப் பெயிண்ட் குறியில் விரலை ஊன்றி
டேப்பை விட வேண்டும்.
பத்து மீட்டர். பதினைந்து. இன்னும் கொஞ்சம்.
நுனி தண்ணீரைத் தொட்டதும்
கையிலிருக்கும் டப்பா கீச்சிடும்.
தூக்கி, மறுபடி இறக்கி,
மூன்று முறை அதே இடத்தில் கத்தவிட்டுத்தான்
எழுதுவது:
பதினேழு புள்ளி மூன்று நான்கு.

காலையில் முறப்பநாட்டில் வேறு கதை.
ஆறு வாயை மூடாது.
இடுப்பளவு நீரில் காற்றாடிக் கருவியைப் பிடித்து
சுற்றுக்கொரு சொடுக்காக எண்ணிக்கொண்டிருந்தேன்.
துவைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்,
'என்னம்மா, ஆத்துக்கு நாடி பாக்கியளா?'
ஆமா என்றேன்.
எண்ணிக்கை தவறிப்போய்
முதலிலிருந்து.

கிணறு கேட்டாலொழியப் பேசாது.
கேட்க நான் மாதம் ஒருமுறைதான் வருகிறேன்.
அதனால் உள்ளே ஒரு லாகர் தொங்குகிறது,
மணிக்கொரு தரம்
இருட்டிலேயே எழுதிக்கொண்டு.

பானெட்டின் சூட்டில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன்.
இந்த ஊருக்கு மும்முனைக் கரண்டு எப்போதென்று
மின்வாரியம் எனக்குச் சொல்ல வேண்டாம்.
ராத்திரி பதினொன்றுக்குக் கோடு இறங்கும்.
விடிகாலை ஐந்துக்கு நின்று
மெல்ல ஏறும்.
ராத்திரிக்கு ஒரு பல்லாய்
நீண்ட ரம்பம்.

அதில் ஒரு பல் பாதியில் முறிந்திருந்தது.
அடுத்தது முளைக்கவேயில்லை.

வாழைக்குள்ளிருந்து சிவனணைந்தான் வந்தார்,
முழங்கால் வரை செம்மண்.
தேதியைச் சொன்னேன்.
'அன்னைக்கா?
நம்ம ஊய்க்காட்டான் மவன் செந்தட்டி
ஸ்டார்ட்டரத் தொட்டான்லா. ஈரக் கை.
ரெண்டு மணி இருக்கும்.
அதுக்குப் பொறவு
எவனுக்கு மோட்டார் போட மனசு வரும்?
வாழை வாடுனா வாடட்டும்னுட்டோம்.'

திரையில் பார்த்தேன்.
ரெண்டு மணி.

நாலு வருஷமாக இந்த ஊரில் கெஞ்சியிருக்கிறேன்:
ரெண்டே நாள் எல்லா மோட்டாரையும் நிறுத்துங்கள்,
இந்தப் பாறை
எவ்வளவு வேகத்தில் தண்ணீர் விடுகிறதென்று பார்க்க வேண்டும்.
யாரும் சம்மதிக்கவில்லை.
வாழை நிற்கும்போது யார் சம்மதிப்பார்?
நான் கேட்டது இப்போது இங்கே இருக்கிறது.
நாற்பத்தைந்து மணி நேரம்,
பிசிறில்லாமல் ஏறி ஏறி
கடைசியில் கொஞ்சம் தயங்கி வளைகிற கோடு.
என் சர்வீஸில்
இவ்வளவு அழகான மீட்சியைப் பார்த்ததில்லை.

அழகான என்று நினைத்ததும்
லேப்டாப்பைச் சாத்தினேன்.
மறுபடி திறக்க வேண்டியிருந்தது,
தரவை இன்னும் சேமிக்கவில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம், குறிப்பு.
ரெண்டு விரற்கடை அகலம்.
மின்தடை என்றால் பொய்.
கரண்டு இருந்தது,
அதுதானே.
பெயரை எழுதினால்
பாளையங்கோட்டையில் யாராவது
'தொடர்பற்றது' என்று அடித்துவிடுவார்கள்.
'பம்புகள் இயங்கவில்லை' என்று எழுதினேன்.
பேனா அதற்குப் பிறகும்
கட்டத்துக்குள்ளேயே நின்றது.

'தண்ணி ஏறிச்சோம்மா?'
சிவனணைந்தான் கேட்டார்.
ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டி.
கையை நெஞ்சுவரை தூக்கிக் காட்டினேன்.
அவர் அந்த உயரத்தையே
கொஞ்ச நேரம் பார்த்தார்.
'அவன் வயலுக்கும் இப்ப
நாந்தான் பாய்ச்சுதேன்.
ரப்பர் செருப்பு வாங்கியிருக்கேன்.'

மைதீன்பிச்சை ஹாரன் அடித்தான்.
இன்னும் ஆறு கிணறு.
நான் மூடியைத் திருகி இறுக்கினேன்.
குளவி வெளியே நின்றுவிட்டது,
குழாயைச் சுற்றிச் சுற்றி.