எழுபத்தேழு முதலில்

எண்ணெய் ஆலைக்கு மேல்மாடி எங்கள் அறை.
கொப்பரை காயும் வாசம்
விசைப்பலகை வரைக்கும் ஏறும்.

காங்கேயம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள்
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு
இப்படித்தான் வந்து சேர்ந்தன:
திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் பில் புத்தகம்,
கூட்டுறவு வங்கியின் எக்செல்,
நத்தக்காடையூரில் ஒருவர்
காலண்டர் தாளின் முதுகில் போட்ட படம்.
ஆழம் ஒருவருக்கு அடி, ஒருவருக்கு மீட்டர்.
துளசிமணிக்கு ராடு:
“நாப்பத்தேழு ராடு எறங்குச்சுங்க,
புகைதான் பறந்துச்சு.”
பத்திரத்தில் வள்ளம், பட்டாவில் ஏர்ஸ்.
இடம் கேட்டால்
“இட்டேரிக்கு மேக்கால,
அந்த வெள்வேலாமரத்துக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம்.”

இந்தப்பக்கத்தை எண்ணாக்க
நான்கு மாதம் கொறங்காட்டில் நடந்தேன்.
கிளுவை முள் கிழித்த துப்பட்டாக்கள் மூன்று.

கீழே கோகிலவாணி டின் அடைப்பாள்.
எடை, தேதி, தொகுதி எண்.
சீட்டு ஒட்டாத டின் லாரி ஏறாது.
நானும் அடைத்தேன், ஒரே கோப்பில்.
எவர் கணினியிலும் திறக்கும் வடிவம்,
சாவிக்கு யாரும் காசு கேட்க முடியாத வடிவம்.
உள்ளே புள்ளி, ஆழம்,
தண்ணீர் உண்டா இல்லையா.
மேலே சீட்டு: அளந்தது யார், எப்போது,
யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம்,
எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஏற்றினேன்.
சனிக்கிழமை கரூரிலிருந்து போன்.
“ஏனுங் மேடம், உங்க கெணறு பூராவும்
கடல்ல கெடக்குதுங்க.”
எந்தக் கடல்?
“வடக்கால. ரொம்ப வடக்கால.
பனிக்கரடி இருக்குமாட்டத் தெரியுது.”

அட்சம் பதினொன்று, தீர்க்கம் எழுபத்தேழு.
அட்சம்தான் முதலில் என்கிறது
நான் சீட்டில் எழுதிய தரம்.
கிடை முதலில், குத்து பிறகு என்று
எட்டாம் வகுப்பில் பழகிய என் கை
எழுபத்தேழை முன்னால் உட்கார வைத்துவிட்டது.
ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.
இரண்டுமே ஒழுங்கான எண்கள்.
இடம் மாறி உட்கார்ந்தால்
ஒரு வட்டமே எழுந்துபோய்
உறைகடலில் இறங்கிவிடுகிறது, சத்தமில்லாமல்.

திருத்தம் ஒரு வரிதான்.
செய்யவில்லை.
இரவு வெகுநேரம் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.
எங்கும் நீலம்.
இராக்கியப்பனின் மூன்று போர்கள்,
ஆயிரத்து நூற்றெண்பது அடி,
இல்லை, இல்லை, இல்லை.
அவற்றின் மேல் இப்போது கடல் நின்றது.
துளசிமணியின் நாற்பத்தேழு ராடும்
வாய்வரை நனைந்திருக்கும்.
உப்புத் தண்ணீர்தான்.
இருக்கட்டும் என்று தோன்றியது.

வரிசை எண் ஆயிரத்து நானூற்றாறு எங்களுடையது.
அதற்கு வாங்கிய கடன்
வங்கி எக்செல்லில் வேறொரு பத்தி.
அந்தப் பத்தியை
நான் பொதியில் சேர்க்கவில்லை.

திங்கள் காலை மாற்றினேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழும்
கிளுவை வேலிக்குள் திரும்பி வந்தன,
போனபோது இருந்ததைப் போலவே காய்ந்து.
பதிப்பு ஒன்று புள்ளி ஒன்று.
திருத்தம் என்ன என்று சீட்டில் எழுதினேன்,
ஒளிக்காமல்.

பழைய பொதியை ஒன்பது பேர் இறக்கியிருந்தார்கள்.
கரூர்க்காரர் ஒருவர்.
மற்ற எட்டுப் பேர் யாரென்று தெரியாது.
பெயர் கேட்காமல்தானே திறந்து வைத்தோம்.
எங்கோ எட்டுக் கணினிகளில்
எங்கள் போர் இன்னும்
ததும்பிக்கொண்டிருக்கிறது.