அவிழ்க்கும் நேரம்

முன்பு ஒரே படிவம்தான்.
திங்கட்கிழமைகளில் மேற்பார்வையாளர்
ஐம்பது வெற்றுத் தாள்களில் ஒப்பமிட்டுவிட்டு
பம்பலப்பிட்டிக்கு ஓட்டோ பிடிப்பார்.
மிச்சத்தை நாங்கள் நிரப்புவோம்:
யூஜின், கட்டில் ஏழு, இரண்டு கையும்.

வெள்ளவத்தைக் கடலோரம் ரயில் போனால்
சுவரில் தலையை மோதுவான்.
அதனால்.

இந்த மாதம் புதுப் படிவம்.
எத்தனை மணிக்கு அவிழ்ப்பீர்கள்?
வேறென்ன செய்து பார்த்தீர்கள்?
அவரிடம் கேட்டீர்களா?

அவரிடம்.
நாற்பத்திரண்டு வயது யூஜினை
ஒரு தாள்தான் முதலில் அப்படிச் சொன்னது.

பேனையை வைத்துவிட்டு வாரை அவிழ்த்தேன்.
ஐந்து நாற்பது, மாத்தறை ரயில்.
சுவருக்கும் அவர் நெற்றிக்கும் நடுவே
என் உள்ளங்கை.

புறங்கை தோலுரிந்தது.
அதை எழுத அதில் கட்டமில்லை.
மூன்றாம் தடவை அவர் மோதவில்லை,
விரல்களை மணந்து பார்த்தார்.

டெட்டோல்.
முகத்தைச் சுளித்தார்.