ஊன்ற ஒரு கால்

ரோடெல் இரண்டு ஹைபிரிட்களை நிறுத்திக் காட்டினான்.
சாம்பல் நிறத்தது இலேசு;
பச்சைக்கு டயர் அகலம், மணல் ஏறிய ஓரங்களைத் தாங்குமாம்.
பச்சையே.

பெடல்தான் இழுத்தது அரைமணி.
ஷூவோடு பூட்டிக்கொள்ளும் ரகம்:
குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும்,
மிதி ஒன்றும் வீணாகாது.
"விழுவேனா?"
"முதல் வாரம் எல்லோரும் ஒருதரம்.
ஓடும்போது இல்லை மேடம், சிக்னலில். நின்றபடியே."

பன்னிரண்டு மணிநேர டியூட்டியில்
நின்றபடியே விழுவது எனக்குப் புதிதல்ல.
தட்டைப் பெடல் போதும் என்றேன்,
முள் வைத்தது. வார்டு செருப்பையும் கவ்வுகிறது.

முஹர்ரக், விடிகாலை நாலரை.
மூக்குக்கண்ணாடியில் கடல் ஆவி.
கடகடப்பது என் முழங்கால்,
சைக்கிள் இல்லை.
பாலத்துக்கு முன் சிவப்பு விளக்கு.
ஒரு வண்டியும் இல்லை.
இடது காலை ஊன்றி
நிற்கிறேன்.