சாய்கோடு

ஜுபைல், நாலாம் கேம்ப்.
மேல்கட்டிலின் அடிப்பலகைதான் என் வானம்.
வெல்டிங் சாக்பீஸால் அதில்
ஓவர்டைம் மணிக்கு நேர்க்கோடு,
ஸாங்கோ போட்ட கோலுக்குச் சாய்கோடு.

ஹார்ட்விக் எங்கிருக்கிறதென்று
எங்களில் எவனுக்கும் தெரியாது. மழை பெய்யும் ஊர்.
லோனில் வந்த காம்பியாக்காரன்
(நாங்களும் லோனில் வந்தவர்கள்தான்)
முதல் மாதமே ஒன்பது அடித்தான்.
கேட்டில் நிற்கும் எப்ரிமாவுக்கும் அதே ஊர்.
"காலைப் பார்க்காதே, தோளைப் பார்" என்பான்.
பார்த்தேன். பந்துக்கு முன்பே தோள் போயிருக்கும்.
டிஃபெண்டர் அங்கேயே நிற்பான்,
எக்ஸிட் பேப்பருக்குக் காத்திருப்பவன் மாதிரி.

சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி பஸ்ஸில்
ஷோஃபிக்கின் மொபைலுக்கு மேல் ஏழு தலை.
படம் உறையும், சுற்றும்,
திரும்ப ஓடும்போது வலை ஆடிக்கொண்டிருக்கும்.
பாதிக் கோலை நாங்கள் பார்த்ததே இல்லை.

மூன்று சீசன். எழுபத்திநாலு.

மூன்றாவதில் கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது.
"ஓவர்டைமுக்கு என்னய்யா ஆதாரம்?"
பலகையைக் கழற்றினோம்.
அருள்தாஸ் ஒரு முனை, நான் ஒரு முனை,
லேபர் ஆபீஸ் மாடிவரை.
வியர்வைக் கை பட்டுப்பட்டு
எது நேர், எது சாய்வு,
எழுதிய எனக்கே குழப்பம்.
மொழிபெயர்ப்பாளர் விரல் வைத்து எண்ணினார்.
எல்லாவற்றையும் எண்ணினார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஸாங்கோவை லண்டனில் யாரோ வாங்கிவிட்டார்கள்.
பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானாம்.

பணம் வந்த அன்று
எப்ரிமாவுக்கு ஒரு முழுக்கோழி மந்தி.
"எதற்கு?" என்றான்.
"ஆஃப்சைடு," என்றேன்.
"எவனும் கொடி தூக்கவில்லை."